இரண்டு மேக்கணக்கும் ஒரு 'ஓகே'யும்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் திரையில் ஓர் அறிவிப்பு வந்திருக்கும். ஏஐ உதவியாளரிடம் நீங்கள் கேட்பது, அது சொல்வது, அது திறக்கும் கோப்பு, அது மாற்றும் வரி எல்லாமே பதிவாகும் என்று அதில் எழுதியிருக்கும். வாசித்ததும் உங்களில் பாதிப் பேராவது முகத்தைச் சுளித்திருப்பீர்கள். அந்தப் பதிவுகளை வாசித்துச் சொல்லும் கருவியை நம் அலுவலகத்தில் நிறுவியவள் நான்தான். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளைத் திட்டிப் பிரயோசனமில்லை. அந்தக் கருவி எனக்கு எதைக் காட்டியது, எதைக் காட்டாமல் விட்டது என்று சொல்கிறேன். அதன் பிறகும் திட்ட வேண்டும் போலிருந்தால் திட்டுங்கள்.

எனக்குப் பிறவியிலேயே மூக்கு நீளம். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போனில் குடும்பச் சண்டை பேசினால், முடிவு தெரியாமல் இறங்க மனம் வராது. இப்படியே எத்தனையோ தரம் என் தரிப்பிடத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணினிக் கிளார்க்காக இருந்துவிட்டு, பலாங்கொடை பஸ் நிலையத்துக்கு எதிரே துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கும் நம் மென்பொருள் அலுவலகத்துக்கு வந்தேன். கோட் எழுதுவது என் வேலையல்ல. கணினிகள், சேர்வர், லொகின், வயர், எலி கடித்த வயர், இவைதான் என் பொறுப்பு. பிள்ளைகள் என்னை 'மிஸ்' என்பார்கள். முதலாளி சேரும் அப்படித்தான் கூப்பிடுவார். கடை வீதியில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்து, கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு இந்தத் தொழிலைத் தொடங்கியவர் அவர்.

ஏஐ உதவியாளர் வந்த புதிதில் சேருக்குப் பெரிய மகிழ்ச்சி, கொஞ்சம் பயம்.

"மிஸ், இந்தப் புள்ளயள் அதுக்கிட்ட என்னத்தக் கேக்குறாங்க, அது என்னத்த எழுதிக் குடுக்குதுன்னு எனக்குத் தெரிய வேணும். நாளைக்கு யாரும் கேட்டா நான் என்ன சொல்றது?"

நியாயமான கேள்விதான். பதிவுகள் ஏற்கனவே ஒவ்வொரு கணினியிலும் குவிந்து கிடந்தன. அவற்றை ஓரிடத்தில் சேர்த்து, யார், எப்போது, எதற்காக என்று பிரித்துக் காட்டும் கருவி ஒன்றை எடுத்துப் பொருத்தினேன். எப்படிப் பொருத்தினேன் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்னைவிட வேகமாகச் செய்வீர்கள். பொருத்திய பிறகு நடந்ததுதான் வேடிக்கை.

முதல் மாதமே கருவி ஒரு கோள் சொன்னது. நம் ஆட்கள் ஆறு பேரும் பின்னேரங்களில் ஒரே நேரத்தில் உதவியாளர்மேல் வெறுத்துப் போய், பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகிறார்களாம். அதற்கென்றே ஒரு நிறம் வைத்திருந்தது. திரை முழுக்கச் சிவப்பு. சேர் உதவியாளரையே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆறு பேருக்கும் ஒரே நிமிடத்தில் எப்படி வெறுப்பு வரும்? அன்று பின்னேரம் வேலையை விட்டுவிட்டு ஒரு மூலையில் நின்று பார்த்தேன். மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் இடி உருண்டது. கோட் எழுதும் ஆறு பேரில் ஒருவனான நுவன் எழுந்து, ஒருவரையும் கேட்காமல் போய், ரவுட்டரின் வயரைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ரிஸ்வான் சோம்பல் முறித்தான். இரண்டு பேர் தேநீர் குடிக்கக் கீழே போனார்கள்.

ஐப்பசி மாதத்து இடிக்கு ரவுட்டரைப் பறிகொடுக்காத வீடு நம் மாவட்டத்தில் உண்டா? இடிச் சத்தம் கேட்டால் வயரைப் பிடுங்குவது நம் கைக்குப் பழகிப் போன காரியம். கருவியைச் செய்தவர்கள் வயரைப் பிடுங்காத ஊர்க்காரர்கள் போலிருக்கிறது. பேச்சு பாதியில் நின்றால் மனிதன் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்பது அவர்கள் கண்ட உலகம். சேரிடம் சொன்னதும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிவப்பை நான் எடுத்துவிட்டேன்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். ஆனால் கருவி காட்டிய மற்றப் படங்கள் சேருக்குப் பிடித்துப் போய்விட்டன. யார் ஒரு நாளில் எத்தனை வேலைகளை முடித்தார் என்பதை ஒரு பெரிய திரையில் போட்டுச் சுவரில் மாட்டச் சொன்னார். பெயர்கள் வரிசையாக வரும். அளவைத் தொட்டவர் பச்சை, தொடாதவர் மஞ்சள். மாட்டிக் கொடுத்ததும் நான்தான். அழகாகவே இருந்தது.

அந்த மஞ்சளில் முதலில் விழுந்தவள் தர்ஷினி. பலாங்கொடைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவள். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். அவள் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் நாலு மணிக்கே புறப்பட்டுவிடும். அதை விட்டால் இருட்டில் மலையேற வேண்டும். ஆகவே மற்றவர்கள் ஆறு மணி வரை இருக்க, அவள் நாலுக்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவாள். முந்தி வந்தும் பயனில்லை; அன்றைய வேலையைச் சேர் ஒன்பதுக்குத்தான் பிரித்துக் கொடுப்பார். தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சேர் சுவரைப் பார்த்துத்தான் முடிவு செய்வார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு பார்த்தால் ஒரு வாரத்தில் தர்ஷினியும் பச்சை. சேருக்குச் சந்தோஷம். எனக்கும்தான். எப்படி என்று நான் அப்போது கேட்கவில்லை. மூக்கு நீளமானவளுக்கும் சில நாட்களில் சளி பிடித்துவிடுகிறது.

இனி அந்தச் சம்பவத்துக்கு வருகிறேன். நம்மிடம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வேலை இருந்தது. அது இரண்டு தோட்டங்களின் கொழுந்தை வாங்கி அரைக்கும் தொழிற்சாலை. தோட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து எவ்வளவு கொழுந்து வந்துகொண்டிருக்கிறது என்பதை நம் மென்பொருள் முன்கூட்டியே சொல்லும். அதைப் பார்த்துத்தான் அவர்கள் கொழுந்து வாட்டும் தொட்டிகளைக் காலியாக்கி வைப்பார்கள். நோன்பு மாதத்தில் ஒரு நாள் காலை, தொழிற்சாலை மெனேஜர் சேருக்குப் போன் எடுத்துக் கத்திய கத்தல் எங்கள் அறை வரை கேட்டது. ஒரு பிரிவின் லொறி வந்து நின்றிருக்கிறது. திரையில் அப்படி ஒரு பிரிவே இல்லை. தொட்டிகளை எல்லாம் வெளியார் கொண்டுவந்த கொழுந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சாக்குகள் லொறியிலேயே கிடந்து சூடேறி, கொழுந்து சிவந்து, ஒரு முழு லொறி வீணாகிவிட்டது.

பதிவைத் திறந்தேன். முந்திய நாள் உதவியாளர் பிரிவுகளின் பட்டியலை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது நின்று ஒரு கேள்வி கேட்டிருந்தது. 'மேக்கணக்கு என்ற பெயர் இரண்டு தடவை வந்துள்ளது. தவறுதலாக இரட்டித்ததாகத் தெரிகிறது. ஒன்றை நீக்கலாமா?'

பதில்: ஓகே.

பதில் சொன்னவர் பெயர்: தர்ஷினி.

சேர் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். "அப்ப சரி. நாளைக்கு மெனேஜர் வாறார் மிஸ். இத அப்புடியே ப்ரின்ட் எடுத்து வைங்க, பேரோட. நான் அவருக்குக் காட்ட வேணும், நடவடிக்கை எடுத்தாச்சுன்னு."

"தர்ஷினிய நிப்பாட்டப் போறீங்களா சேர்?"

"வேற என்ன செய்ய? அந்த வேலை போனா ஆறு பேருக்கும் சம்பளம் இல்ல."

அவர் சொன்னதிலும் பிழையில்லை. பதிவு முன்னால் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ப்ரின்டர் பக்கத்தில் இருக்கிறது. கையை நீட்டினால் முடிந்துவிடும் வேலை. ஆனால் அந்த 'ஓகே' என்னை உறுத்தியது.

தோட்டத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தின் மேற்பிரிவை மேக்கணக்கு என்பார்கள், கீழ்ப்பிரிவைக் கீக்கணக்கு என்பார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு மேக்கணக்கு இருக்கும். இரண்டு தோட்டம் என்றால் இரண்டு மேக்கணக்கு. இது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏஐக்குத் தெரியாது; அதற்கு இரண்டு ஒரே பெயரைக் கண்டால் ஒன்றைத் துடைக்கத்தான் தோன்றும். பாவம், கேட்கவாவது செய்தது. ஆனால் தர்ஷினிக்கு?

அவளைத் தேநீர் போடும் அறைக்குக் கூப்பிட்டேன்.

"நான்தான் மிஸ் செஞ்சேன்," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே; தன் பெயரிலிருந்த பதிவை அவளும் பார்த்திருக்க வேண்டும். "கவனிக்காம ஓகே குடுத்துட்டேன்."

"நீ தோட்டத்துல எந்தப் பக்கம் இருக்க?"

அவள் குழாயைத் திறந்தாள்.

"சொல்லு."

"மேக்கணக்குல மிஸ்."

"ஒன் சொந்த எடத்தையே அழிக்கச் சொல்லி ஓகே குடுத்தியா?"

அவள் தேநீர்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள். கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினாள். நான் மேலே கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் பொய்யைக் கேட்டுக்கொண்டு நிற்பது பாவம்.

திரும்பி வந்து பதிவை வேறு விதமாக வாசித்தேன். இதுவரை நான் யார், எத்தனை என்று மட்டுமே பார்த்திருந்தேன். இப்போது நேரத்தைப் பார்த்தேன். அந்த 'ஓகே' விழுந்தது பின்னேரம் நாலரைக்கு. தர்ஷினியின் பஸ் அப்போது பாதி மலை ஏறியிருக்கும். சரி, அவள் பெயரில் உட்கார்ந்திருந்தது யார்? அதற்குப் பதில் பின்னேரத்தில் இல்லை, காலையில் இருந்தது. ரிஸ்வானின் பெயரில் நாள்தோறும் காலை ஏழு மணிக்கெல்லாம் வேலை நடந்திருந்தது. ரிஸ்வான் ஒன்பதுக்கு முன்னால் படியேறி நான் கண்டதே கிடையாது. நோன்பு மாதத்தில் விடியுமுன் ஸஹர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினால் பத்தும் ஆகும். ஏழு மணிக்கு அலுவலகத்தைத் திறப்பது யார்? முதல் பஸ்ஸில் வந்து இறங்கும் தர்ஷினி.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காலையில் அவள் அவனுடைய முந்திய நாள் மீதி வேலையை அவன் பெயரில் செய்கிறாள். பின்னேரம் அவன் அவளுடைய வேலையை அவள் பெயரில் செய்கிறான். எங்கே பார்த்த காரியம் இது என்று யோசிக்கவே தேவையிருக்கவில்லை. நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள்தானே. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். சொன்ன அளவுக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். பிள்ளைக்குக் காய்ச்சலென்று தாமதமாக மலைக்கு வந்தவளின் சாக்கில், நிறுக்கும் முன்னே, பக்கத்து நிரைக்காரி இரண்டு கை அள்ளிப் போடுவாள். இன்னொரு நாள் இவள் அவளுக்குப் போடுவாள். ஒருவரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை.

இரண்டு பேரையும் கூப்பிட்டு, பதிவைத் திரையில் போட்டேன். "யாருன்னு நான் கேக்கப் போறதில்ல. அது என்ன கேட்டிருக்குன்னு மட்டும் ரெண்டு பேரும் வாசிங்க," என்றேன்.

ரிஸ்வான் வாசித்தான். முகம் வெளுத்துவிட்டது. லொறி வீணானது எதனால் என்று அவனுக்கு அந்த நிமிடம் வரை தெரியாது.

"மிஸ், இது நான்," என்றான். "பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சி எடுக்கப் போற அவசரம். ஒரே பேர் ரெண்டு ஈக்குன்னு சொல்லிச்சு, சரிதானேன்னு ஓகே அடிச்சிட்டுப் போனேன். மேக்கணக்குன்னா ஒரு ஊர்ட பேருன்னு நெனச்சேன். எல்லாத் தோட்டத்துலயும் ஈக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

பலாங்கொடையில் பிறந்து வளர்ந்தவன். ஜன்னலைத் திறந்தால் அந்த மலைகள்தான். ஒரு நாளும் மேலே போனதில்லை.

"நீங்க பேசாம இருங்க ரிஸ்வான்," என்றாள் தர்ஷினி. என் பக்கம் திரும்பினாள். "மிஸ், அவரு எனக்காகத்தானே உக்காந்து செஞ்சாரு. நான்தான் மொதல்ல கேட்டேன், செவத்துல எம்பேரு மஞ்சளா இருக்குன்னு. எஞ்சாக்குல விழுந்த கொழுந்து நல்லதோ கெட்டதோ எம்பேருதானே?"

"பைத்தியமா ஒங்களுக்கு?" ரிஸ்வானுக்குக் குரல் உடைந்தது. "என்னய நிப்பாட்டினா நான் வாப்பாட கடையில போய் நிப்பேன். ஒங்கள நிப்பாட்டினா?"

எனக்கு இரண்டு பேர்மேலும் அன்பு வந்தது. அதே அளவு ஆத்திரமும் வந்தது. கொழுந்து சாக்கில் கலந்தால் கொழுந்துதான், யார் பறித்தது என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. இங்கே கலந்தது அப்படியல்ல. மேக்கணக்கைத் தெரிந்தவள் பெயரில் மேக்கணக்கைத் தெரியாதவன் பதில் சொல்லிவிட்டான். அதைத்தான் இருவருக்கும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

மூன்று பேருமாகச் சேரிடம் போனோம். ரிஸ்வான்தான் பேசினான், ஒன்றையும் மறைக்கவில்லை. சேர் எழுந்து நின்றுவிட்டார்.

"அடுத்தவங்கட லொகின்ல பூந்து வேல செஞ்சீங்களா? ரெண்டு பேருமா? அப்ப இவ்வளவு நாளா நான் செவத்துல பாத்ததெல்லாம் என்ன?"

"அதத்தான் சேர் காட்ட வந்தேன்," என்று மடிக்கணினியை அவர் முன்னால் வைத்தேன். "இது எப்ப தொடங்கிச்சுன்னு பாருங்க."

அந்தப் பெரிய திரையைச் சுவரில் மாட்டிய மறுநாள் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவைகூட இல்லை. மாட்டிய பிறகு இவர்கள் இருவர் மட்டுமல்ல, நுவனின் பெயரிலும் இரண்டொரு நாட்கள் அப்படி நடந்திருந்தது. யார் எவ்வளவு செய்கிறார் என்று பார்க்கத்தான் திரையை மாட்டினோம். மாட்டியதால் யார் செய்கிறார் என்பதே தெரியாமல் போய்விட்டது. சேர் நெடுநேரம் அந்தப் பதிவை மேலும் கீழும் உருட்டினார். கோபத்தில் பார்ப்பது போலத் தொடங்கியவர், கடைசியில் என்னைப் போலவே மூக்கை நீட்டிக்கொண்டு பார்த்தார். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. தராசில் கோளாறு என்றால் முதலில் தராசைத்தான் பார்ப்பார்கள்.

"நாளைக்கு ப்ரின்ட் வேணாம் மிஸ்," என்றார் கடைசியில். "நான் பேசுறேன்."

மறுநாள் சேர் மெனேஜரிடம் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. பிழை எங்கள் அலுவலகத்துடையது, இப்படித்தான் நடந்தது, இனி இப்படி நடக்காதபடி இதைச் செய்கிறோம் என்று மட்டும் சொன்னார். மெனேஜர் குதித்தார். ஆனால் வேலையை நம்மிடமிருந்து பறிக்கவில்லை. திரும்பிப் போகும்போது ரிஸ்வானைத் தன் ஜீப்பிலேயே தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது சேர் கேட்டுக்கொண்டது. பின்னேரம் ரிஸ்வான் வந்தபோது அவன் சட்டையில் அவிந்த கொழுந்தின் வாடை அடித்தது. சிவந்த கொழுந்தைக் குவித்துப் போட்டிருந்தார்களாம். அதை ஏற்றி அனுப்பிய பிரிவு எது என்று கேட்டிருக்கிறான். தர்ஷினி வீட்டு மேக்கணக்குதான்.

சுவரிலிருந்து திரை இறங்கியது. தர்ஷினியின் வேலை நேரம் ஏழு முதல் மூன்றரை வரை என்று மாறியது. இவ்வளவு சுலபமான காரியம் ஏன் முதலிலேயே எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். அவளே கேட்கவில்லை, கேட்டால் குறையாக நினைப்பார்கள் என்று பயந்திருக்கிறாள். மாத முடிவில் அவளை நிரந்தரமாக்கினார்கள். அந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தவள், "மிஸ், முழுப்பேர்," என்று மட்டும் சொன்னாள். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு கருவியில் நான் மாற்றியது ஒன்றுதான். உதவியாளர் எதையாவது நீக்கலாமா என்று கேட்டால், அந்தக் கேள்வி உட்கார்ந்திருப்பவரோடு நிற்காது. அந்த இடத்தை அறிந்த இன்னொருவரிடமும் போகும், அவர் தன் பெயரில் பதில் சொல்ல வேண்டும். இன்று உங்களுக்கு எரிச்சல் மூட்டும் அந்த இரண்டாவது கேள்வி அங்கிருந்து வந்ததுதான். நீங்கள் அவசரத்தில் 'ஓகே' அடிக்கும்போது, அந்தப் பட்டியலில் இருப்பது யாருடைய வீடோ என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். உங்கள் பதிவில் ஏதாவது விசித்திரமாகத் தெரிந்து யாராவது உங்களைக் குற்றம் சொல்ல வந்தால், ப்ரின்ட் எடுப்பதற்கு முன்னால் உங்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம், கடைசியாக ஒரு தடவை பதிவுகளை உருட்டிக்கொண்டிருந்தேன். வேலையாக அல்ல, ஆசைக்காக. இந்த உதவியாளருக்கு நேற்று நடந்தது இன்று நினைவிருக்காது. ஒவ்வொரு நாளும் புதிதாய் வேலைக்கு வந்தவரைப் போலத்தான் வரும். அன்று ரிஸ்வான் அதே பட்டியலைத் திறந்திருந்தான். அது பழையபடி நின்று பழையபடியே கேட்டிருந்தது. மேக்கணக்கு இரண்டு தடவை வந்துள்ளது, ஒன்றை நீக்கலாமா?

ரிஸ்வான் பதில் சொல்லாமல் கேள்வியை அனுப்பிவிட்டிருந்தான். கீழே தர்ஷினியின் பெயரில், அவளே இருக்கும் நேரத்தில், பதில் விழுந்திருந்தது.

'வேணாம். ரெண்டும் வேற வேற. அதுல ஒன்னு எங்க வீடு.'